தானாக வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை: நியூயார்க் நிகழ்வு ஒன்றின் ஆய்வு

அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 42.7. வயதைத் தசமப் புள்ளியோடு எழுதும் வழக்கம் மருத்துவ இதழ்களுக்கு உண்டு. மற்ற இடங்களில் அது வீண் துல்லியமாகத் தோன்றும், இங்கே தோன்றவில்லை. குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு வரும் பெண் நாற்பதைக் கடந்துவிட்டால் ஒவ்வொரு மாதமும் கணக்கில் வருகிறது.

நியூயார்க்கில் உள்ள சென்டர் ஃபார் ஹியூமன் ரீப்ரொடக்ஷன் என்ற தனியார் மையத்தில் அவர் சிகிச்சையில் இருந்தார். உடனே கருத்தரிப்பது அவருடைய திட்டமல்ல. பல சுற்றுகளில் முட்டைகளை எடுத்து, கருவாக்கி, உறைய வைத்துச் சேர்த்துக்கொள்வது. போதுமான அளவு சேர்ந்தபின் அவற்றின் குரோமோசோம்களைப் பரிசோதித்து நல்லதைத் தேர்ந்தெடுப்பது. உண்டியலில் காசு சேர்ப்பது போன்ற ஏற்பாடு. முதல் சுற்றில், முட்டை வளர்ப்பு ஊசிகள் அத்தனையும் போட்டபின், உண்டியலில் விழுந்தது ஒரே ஒரு முட்டை.

இந்த வயதில் இந்த எண்ணிக்கையைப் பார்க்கும் எந்த மருத்துவரும் சொல்வதைத்தான் அங்கும் சொன்னார்கள்: சொந்த முட்டையில் வாய்ப்பு மிகக் குறைவு, தானக் கருமுட்டையைப் பற்றி யோசியுங்கள். அவர் அதை ஏற்கவில்லை. அடுத்த சுற்றுக்கு வந்தார். அதற்கடுத்த சுற்றுக்கும் வந்தார். வியப்பு அங்கேதான் தொடங்குகிறது. சுற்றுக்குச் சுற்று முட்டைகள் கூடின. முட்டைகள் வளரும்போது சுரக்கும் எஸ்ட்ராடையால் ஹார்மோனின் உச்ச அளவு ஏறியது. உறைய வைக்கத்தக்க கருக்கள் பெருகின. ஒன்பதாவது சுற்றை எட்டியபோது முட்டைக் கணக்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டியிருந்தது. நாற்பத்து மூன்றாம் வயதில் இந்தக் கோடு கீழே இறங்க வேண்டும். போனால் போகிறதென்று சமமாக நிற்கலாம். மேலே ஏறுவதற்கு இடமே இல்லை.

சிகிச்சையளித்த நோர்பர்ட் கிளைஷரும் டேவிட் பாராடும் குழம்பினார்கள். ஊசி மருந்தின் முறையில் இத்தனை பெரிய மாற்றத்துக்கு விளக்கம் கிடைக்கவில்லை. பிறகு விஷயம் வெளிவந்தது. அவர்களுக்குத் தெரியாமல் அந்தப் பெண் மாதக்கணக்கில் தினமும் 75 மில்லிகிராம் டி.எச்.இ.ஏ. என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருத்துவ இதழ்களில் தானே தேடிப் படித்து, தானே முடிவு செய்து, கடையில் வாங்கியது. 2005இல் இருவரும் இந்த ஒரே பெண்ணின் கதையை ஃபெர்டிலிட்டி அண்ட் ஸ்டெரிலிட்டி இதழில் வெளியிட்டார்கள். அதற்குப் பின் வந்த ஆறே ஆண்டுகளில், அவர்களே எழுதிய மதிப்பாய்வின்படி, உலகின் கருத்தரிப்பு மையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த மாத்திரையைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன.

ஒரு பெண்ணின் ஒன்பது சுற்றுகள் அத்தனை தூரம் போயின. அவை அவ்வளவு பாரம் தாங்குமா என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை.

அவர் படித்த கட்டுரை

அந்தப் பெண் கண்டுபிடித்த கட்டுரை 2000இல் ஹியூமன் ரீப்ரொடக்ஷன் இதழில் வந்தது. ஹூஸ்டன் பேய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பீட்டர் கேசனும் சகாக்களும் எழுதியது. ஊசிக்குச் சரியாகப் பதில் தராத ஐந்து பெண்களுக்கு இரண்டு மாதம் தினமும் 80 மில்லிகிராம் டி.எச்.இ.ஏ. கொடுத்து, பிறகு முட்டை வளர்ப்பு ஊசி போட்டுப் பார்த்திருந்தார்கள். முந்தைய சுற்றோடு ஒப்பிட்டால் பதில் மேம்பட்டிருந்தது. ஒருவருக்கு இரட்டைக் குழந்தைகளும் பிறந்தன. ஐந்து பேர்தான், ஒப்பீட்டுக் குழு கிடையாது. மருத்துவ உலகம் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டது. திருப்பாமல் நின்றவர் ஒரு நோயாளி.

அவருக்கு இதைச் செய்ய முடிந்ததற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. டி.எச்.இ.ஏ. ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த ஹார்மோன். 1934இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புட்டனான்டும் ஹான்ஸ் டான்னன்பவுமும் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1985இல் அதன் நேரடிக் கடை விற்பனையை நிறுத்தியது. 1994இல் வந்த உணவுத் துணைப்பொருள் சட்டம் கதவை மறுபடி திறந்துவிட்டது; வைட்டமின் மாத்திரைகள் இருக்கும் அதே அலமாரியில் இந்த ஹார்மோனும் வந்து உட்கார்ந்தது. பக்கத்து நாடான கனடாவில் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். விளையாட்டு வீரர்களுக்கு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடை உண்டு. ஒரு பொருள் மருந்தா, தின்பண்டமா என்பதை எல்லைக்கோடு முடிவு செய்வது விசித்திரம்தான். ஆனால் அந்தப் பெண் கனடாவில் வாழ்ந்திருந்தால் இப்படி ஒரு நிகழ்வு அறிக்கை எழுதப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

இருப்பு என்ற சொல்

கருமுட்டை இருப்பு என்கிறோம். மளிகைக் கடை இருப்பைப் போல ஒலிக்கும் இந்தச் சொல் பாதி உண்மையைச் சொல்லிப் பாதியை மறைக்கிறது. தாயின் வயிற்றில் ஐந்து மாதப் பெண் சிசுவின் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பருவமெய்தும்போது மூன்று, நான்கு லட்சம். மாதவிடாய் நிற்கும்போது சுமார் ஆயிரம். வாழ்நாளில் வெளிப்படுபவை நானூறு, ஐந்நூறுதான். மீதி அத்தனையும் விற்காமலே கெட்டுப்போன சரக்கு. புதுச் சரக்கு வருவதில்லை.

இந்த இருப்பை நேரே எண்ண வழியில்லை. இரண்டு மறைமுக வழிகள் உண்டு. ஸ்கேனில் தெரியும் சிறிய நீர்ப்பைகளை, அதாவது ஃபாலிக்கிள்களை, எண்ணுவது ஒன்று. அந்தச் சிறிய ஃபாலிக்கிள்கள் சுரக்கும் ஏ.எம்.எச். ஹார்மோனை இரத்தத்தில் அளப்பது இன்னொன்று. 2011இல் ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கம் பொலோனியா அளவுகோல்களை வகுத்தபோது, ஏ.எம்.எச். மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 1.1 நானோகிராமுக்குக் கீழே, அல்லது ஃபாலிக்கிள் எண்ணிக்கை ஐந்து முதல் ஏழுக்குக் கீழே என்று எல்லை போட்டார்கள். அதோடு நாற்பது வயது, முந்தைய சுற்றில் மூன்று முட்டைக்கு மேல் வராமை ஆகிய இரண்டையும் சேர்த்து, மூன்றில் இரண்டு இருந்தால் பதில் குறைந்தவர் என்று வகைப்படுத்தினார்கள். நியூயார்க் பெண்ணுக்கு அந்த அளவுகோல் வகுக்கப்படும் முன்பே இரண்டு பொருந்தியிருந்தன: வயதும், ஒற்றை முட்டையும்.

ஏ.எம்.எச். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழும் பெண்களுக்காக ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். 2017இல் ஜாமா இதழில் வந்த ஓர் ஆய்வில், குழந்தையின்மைப் பின்னணி இல்லாத, 30 முதல் 44 வயதுக்குட்பட்ட 750 பெண்கள் இயல்பாகக் கருத்தரிக்க முயன்றதைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏ.எம்.எச். குறைந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கருத்தரிக்கும் வாய்ப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஊசி போட்டால் எத்தனை முட்டை வரும் என்று ஏ.எம்.எச். ஓரளவு சொல்லும். இந்த மாதம் வெளிவரும் ஒற்றை முட்டை நல்லதா என்று அதனால் சொல்ல முடியாது. முட்டையின் தரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் வயது. முட்டை முதிர்ந்து பிளவுபடும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் நூலிழைகள் நாற்பதுக்குப் பின் தள்ளாடுகின்றன. ஒன்று கூடவோ குறையவோ போய்விடுகிறது. நாற்பத்து மூன்று வயதில் உருவாகும் கருக்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை.

பெண்ணுக்கு ஏன் ஆண் ஹார்மோன்

டி.எச்.இ.ஏ. அட்ரீனல் சுரப்பியில் உருவாகிறது. தானே பெரிதாக எதுவும் செய்யாது. உடல் அதை ஆண்ட்ரோஜென் எனப்படும் ஆண் ஹார்மோன்களான ஆண்ட்ரோஸ்டீன்டையோனாகவும் டெஸ்டோஸ்டிரோனாகவும் மாற்றிக்கொள்கிறது. இருபதுகளில் உச்சத்தில் இருந்து, பிறகு ஆண்டுக்காண்டு இறங்கும்.

ஆண் ஹார்மோன் என்றால் பெண்ணின் சினைப்பைக்கு எதிரி என்று நினைக்கத் தோன்றும். சினைப்பையின் தொழிலே வேறு மாதிரி. ஃபாலிக்கிளின் வெளிச்சுவரில் உள்ள தீக்கா செல்கள் ஆண்ட்ரோஜெனைச் செய்து உள்ளே அனுப்புகின்றன. உள்ளே உள்ள கிரானுலோசா செல்கள் அதை ஈஸ்ட்ரோஜெனாக மாற்றுகின்றன. ஆண் ஹார்மோன் இல்லாமல் பெண் ஹார்மோன் இல்லை. அதற்கு மேலும் ஒரு வேலை உண்டு என்று 1998இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ரீசஸ் குரங்குகளில் காட்டினார்கள். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது ஆரம்ப நிலையிலுள்ள சிறிய ஃபாலிக்கிள்கள் கூடுதலாக வளர்ந்தன. 2010இல் ரோசெஸ்டரைச் சேர்ந்த சென், ஹாம்ஸ் இருவரும் எதிர்ப்பக்கமாக வந்தார்கள். கிரானுலோசா செல்லில் ஆண்ட்ரோஜென் வந்து ஒட்டும் புரதமான ஏற்பியை மட்டும் நீக்கிய பெண் எலிகளுக்குச் சினைப்பை சீக்கிரமே ஓய்ந்தது, குட்டிகளும் குறைந்தன. கொடுத்தால் வளர்கிறது, பிடுங்கினால் வாடுகிறது. இரு பக்கமும் பொருந்தி வருவது உயிரியலில் அடிக்கடி கிடைக்கும் பரிசல்ல.

இன்னொரு சான்று எந்த மகப்பேறு மருத்துவரின் அறைக்கு வெளியிலும் வரிசையில் உட்கார்ந்திருக்கும். நீர்க்கட்டி என்று மக்கள் சொல்லும் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு ஆண்ட்ரோஜென் அதிகம். சினைப்பை நிறையச் சிறிய ஃபாலிக்கிள்கள். ஒருவருக்குத் தொல்லையாக இருப்பதை இன்னொருவருக்குக் கொஞ்சம் கடன் வாங்கித் தரலாமே என்பதுதான் டி.எச்.இ.ஏ. சிகிச்சையின் அடிப்படை யோசனை.

இந்த யோசனையில் காலம் முக்கியம். ஆண்ட்ரோஜென் தொடும் நிலையிலுள்ள ஒரு நுண்ணிய ஃபாலிக்கிள், ஊசிக்குப் பதில் சொல்லும் அளவுக்கு வளர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. ஆகவே நேற்றுத் தொடங்கிய மாத்திரை இந்த மாத முட்டையைத் தொடாது. நியூயார்க் நிகழ்வில் முன்னேற்றம் ஒரே தாவலாக வராமல் படிப்படியாக வந்தது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. கிளைஷரையும் பாராடையும் இருக்கையின் நுனிக்குக் கொண்டுவந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வெறும் தற்செயலுக்கு இப்படிப் பொறுமையாகப் படியேறும் பழக்கம் கிடையாது.

ஒரு சோறு

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். நிகழ்வு அறிக்கைகளை ஆதரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழக்கறிஞர் கிடையாது. ஆனால் சோறு வடிக்கிறவர்கள் கரண்டியை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பருக்கையை எடுக்கிறார்கள். எல்லாப் பருக்கையும் ஒரே தண்ணீரில் ஒரே நேரம் கொதித்தவை. நியூயார்க் பருக்கை அப்படி எடுக்கப்பட்டதல்ல. பானையிலிருந்து தானே துள்ளி வெளியே விழுந்தது. அதே ஆண்டுகளில் அதே மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிட்டு ஒன்றும் நடக்காத பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. ஒன்றும் நடக்காததை எந்த இதழும் அச்சிடாது.

இரண்டாவது, தொடக்கப்புள்ளி. ஒரே பெண்ணுக்கு அடுத்தடுத்த சுற்றுகளில் முட்டை எண்ணிக்கை தானாகவே கூடிக் குறையும். முதல் சுற்று மிக மோசமாக அமைந்துவிட்டால் அடுத்தது சற்று நன்றாக இருப்பதே இயல்பு. தேர்வில் பூஜ்யம் வாங்கிய பையனுக்கு அடுத்த தேர்வில் மதிப்பெண் கூட டியூஷன் வேண்டியதில்லை. கேசனின் ஐந்து பேருக்கும் இந்தச் சிக்கல் உண்டு: முந்தைய சுற்று தோற்றவர்களைப் பொறுக்கி எடுத்து, அந்தத் தோல்வியோடுதான் ஒப்பிட்டார்கள். நியூயார்க் பெண்ணின் விஷயத்தில் இந்த விளக்கம் முதல் இரண்டு, மூன்று சுற்றுகளுக்குப் பொருந்தும். ஒன்பது சுற்றுவரை ஏறியதற்குப் பொருந்தாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று அந்த நிகழ்வைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காக்கை வந்து உட்கார்ந்த போதெல்லாம் பழம் விழுந்துகொண்டிருந்தால் மரத்தைப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த அறிக்கை அளந்தது முட்டை, ஹார்மோன் அளவு, உறைந்த கரு. குழந்தை அதன் அளவுகோலிலேயே இல்லை, ஏனென்றால் அது சேமிப்புத் திட்டம். நாற்பத்து மூன்று வயதில் முட்டைக்கும் குழந்தைக்கும் நடுவே சல்லடை மேல் சல்லடையாக இருக்கிறது: முதிர்ந்த முட்டை, கருவுறுதல், ஐந்தாம் நாள் வரை தாக்குப்பிடித்தல், குரோமோசோம் சரியாக இருத்தல், கருப்பையில் ஒட்டுதல், மூன்று மாதம் தங்குதல். மேல் சல்லடையில் அதிகம் கொட்டினால் கீழே அதிகம் விழும் என்பது நம்பிக்கை. கொட்டுவது முழுக்க உமியாக இருந்தால் எவ்வளவு கொட்டியும் பயனில்லை. மாத்திரை எண்ணிக்கையை மட்டும் கூட்டுகிறதா, தரத்தையும் திருத்துகிறதா என்ற கேள்விக்கு ஒரு பெண்ணின் கதையில் பதில் இருக்க முடியாது.

பின்னால் வந்தவை

கிளைஷர் குழு சும்மா இருக்கவில்லை. 2007இல் தங்கள் மையத்தின் 190 பெண்களின் பதிவுகளை வெளியிட்டது. டி.எச்.இ.ஏ. எடுத்த 89 பேரில் கருத்தரிப்பு விகிதம் 28 சதவீதம். எடுக்காத 101 பேரில் 11 சதவீதம். யாருக்கு மாத்திரை என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கும் குலுக்கல் முறை ஆய்வல்ல இது. யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்பதற்குப் பின்னால் வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். அது அவர்களுக்கும் தெரியும். ஆகவே நியூயார்க்கிலும் ஐரோப்பாவிலும் போலி மாத்திரையோடு ஒப்பிடும் ஆய்வுகளைத் தொடங்கினார்கள். இரண்டும் பாதியில் நின்றன. பெண்கள் சேரவில்லை.

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்தும் இடம் இதுதான். நாற்பதைத் தாண்டிய ஒருவரிடம் போய், இந்த மாத்திரை உதவுமா என்று உறுதியாகத் தெரியாது, உங்களுக்கு உண்மையானதோ போலியோ கிடைக்கும், மூன்று மாதம் சாப்பிடுங்கள் என்றால் அவர் என்ன செய்வார்? அடுத்த தெருக் கடையில் உண்மையான மாத்திரை புட்டியில் இருக்கிறது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் கடைக்குத்தான் போயிருப்பேன். ஒரு நிகழ்வு பரவிய வேகமே அதைச் சோதிக்கும் வழியை அடைத்துவிட்டது.

இன்னொரு செய்தியையும் பதிவு செய்யவேண்டும். இந்தப் பயனுக்காக டி.எச்.இ.ஏ.வைக் கொடுக்கும் முறைக்கு அந்த மையத்தார் அமெரிக்கக் காப்புரிமைகளைப் பெற்றார்கள். மாத்திரை விற்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து உரிமைத் தொகையும் பெற்றார்கள். இதைத் தங்கள் கட்டுரைகளின் அடியில் அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஒளிவுமறைவில்லை. அதனால் முடிவுகள் பொய்யாகிவிடாது. வேறு ஊரில், வேறு கையால் அதே முடிவு வருகிறதா என்று பார்க்கும் கடமை மட்டும் கூடுகிறது.

வேறு ஊர் முதலில் இஸ்ரேல். 2010இல் வைசரும் சகாக்களும் வெளியிட்டதுதான் முதல் குலுக்கல் முறை ஆய்வு: 33 பெண்கள், பாதிப் பேருக்குத் தினம் 75 மில்லிகிராம். உயிருடன் பிறந்த குழந்தைகளின் விகிதம் மாத்திரைக் குழுவில் 23.1 சதவீதம், மற்றதில் 4 சதவீதம். தலைப்புச் செய்தி ஆறு மடங்கு என்று சொல்லும். எண்களைப் பிரித்துப் பார்த்தால் மொத்தப் பிரசவம் ஏழு. அதில் ஆறு மாத்திரைக் குழுவில். இரண்டு குழந்தைகள் இடம் மாறிப் பிறந்திருந்தால் செய்தியே இல்லை. போலி மாத்திரையும் கொடுக்கப்படவில்லை. ஒரே பெண்ணின் இரண்டு சுற்றுகள் இரண்டு தனி நிகழ்வுகளாக எண்ணப்பட்டன.

பிறகு, யாருக்கு எந்த மாத்திரை என்று தெரியாதபடி கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தவர்கள் வந்தார்கள். ஹாங்காங்கில் 2014இல் 32 பெண்களுக்குப் பன்னிரண்டு வாரம் உண்மையான மாத்திரையோ போலியோ கொடுத்துப் பார்த்தார்கள், ஏ.எம்.எச்., ஃபாலிக்கிள் எண்ணிக்கை இரண்டிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்விலும் எடுக்கப்பட்ட முட்டைகளின் எண்ணிக்கை கூடவில்லை. நியூயார்க் நிகழ்வில் எது மிகத் தெளிவாக ஏறியதோ, கவனமாகச் செய்த சிறிய ஆய்வுகளில் அதுவே அசையவில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2015இல் வந்தபோது இரு தரப்புக்கும் கையில் ஏதோ கிடைத்தது. எல்லா ஆய்வுகளையும் கூட்டினால் டி.எச்.இ.ஏ. குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதுபோல் தெரிந்தது. நம்பகம் குறைந்த ஆய்வுகளைக் கழித்ததும் அந்த நன்மை மங்கி, தற்செயலோடு கலந்துவிட்டது. 2024இல் புதுப்பித்தபோது சொற்கள் இன்னும் நேராக வந்தன: டி.எச்.இ.ஏ.வால் குழந்தைப்பேற்றில் வித்தியாசம் சிறிதாகவோ இல்லாமலோ இருக்கக்கூடும். அதே மதிப்பாய்வு தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோனுக்குச் சாதகமாகப் பேசியது. அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. ஐரோப்பாவின் பல மையங்கள் சேர்ந்து நடத்திய டி-டிரான்ஸ்போர்ட் ஆய்வில், ஊசிக்கு முன் சுமார் இரண்டு மாதம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தடவிய பெண்களுக்கும் போலி ஜெல் தடவியவர்களுக்கும் கருத்தரிப்பில் வித்தியாசம் வரவில்லை. சிறிய ஆய்வுகளின் கூட்டல் ஒரு பெரிய ஆய்வின் முன்னால் இப்படித் தோற்பது மருத்துவத்தில் புதிதல்ல.

மருந்துச் சீட்டில்

இந்தியாவில் 25 மில்லிகிராம் மாத்திரையாக இது கிடைக்கிறது. நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த 75 மில்லிகிராம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், பெரிய அளவுச் சோதனை எதையும் எட்டமாட்டீர்கள். நியூயார்க் பெண் கடையில் வாங்கித் தானே முடிவு செய்த அளவில் போய் முட்டுவீர்கள்.

நம் ஊருக்கு இது கூடுதலாகப் பொருந்தும் காரணம் உண்டு. சிகிச்சைக்கு வந்த ஸ்பெயின், இந்தியப் பெண்களை ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு, இந்தியப் பெண்களின் சினைப்பை ஏறத்தாழ ஆறு ஆண்டு முன்கூட்டியே முதுமை காட்டுகிறது என்றது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் ஏ.எம்.எச். ஒன்றுக்குக் கீழே வந்துவிட்ட சீட்டோடு வருபவர்கள் இங்கே அரிதல்லர். அவர்களும் நாற்பத்து மூன்று வயது நியூயார்க் பெண்ணும் ஒரே பானைப் பருக்கைகள் அல்லர். முப்பத்து மூன்றில் முட்டை குறைவு, ஆனால் இருக்கும் முட்டை பெரும்பாலும் நல்லது. நாற்பத்து மூன்றில் இரண்டும் தேய்ந்தவை. ஒருவருக்கு மூன்று மாதம் காத்திருப்பதால் பெரிய நட்டமில்லை. மற்றவருக்கு அந்த மூன்று மாதமே விலை. மாத்திரை ஒன்றும் செய்யாவிட்டால் அந்த விலை திரும்பி வராது. எழுதத்தான் வேண்டுமென்றால், மாத்திரை ஓடும்போதே முட்டை எடுக்கும் சுற்றையும் ஓடவிடலாம். நியூயார்க் பெண் செய்ததும் அதைத்தான். அவர் ஒரு சுற்றைக்கூட மாத்திரைக்காக நிறுத்திவைக்கவில்லை.

யாருக்கு எழுதக்கூடாது என்பதில் குழப்பம் குறைவு. பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கும், டெஸ்டோஸ்டிரோன் ஏற்கெனவே போதுமாக இருப்பவருக்கும் இதில் வேலையில்லை. ஆரம்பிக்கும் முன் இரத்தத்தில் டி.எச்.இ.ஏ.-எஸ் (டி.எச்.இ.ஏ.வின் சல்பேட் வடிவம்), டெஸ்டோஸ்டிரோன் அளவுகளைப் பார்த்துவிட்டு எழுதுவது நாணயமான முறை. முகப்பரு, எண்ணெய் வடியும் தோல், மோவாயில் ரோமம், தலைமுடி உதிர்வு ஆகியவை வரலாம்; பெரும்பாலும் நிறுத்தினால் அடங்கும். குரல் கட்டை ஆனால் உடனே நிறுத்தவேண்டும், அது திரும்பாமலே போகலாம். கருத்தரித்தது உறுதியானதும் மாத்திரை நிற்கவேண்டும்.

இன்னொன்று ஆய்வகத்தில் நடக்கும். இரத்தத்தில் டி.எச்.இ.ஏ.-எஸ் ஏறியிருக்கும்போது கருப்பையைக் கருவுக்குத் தயார்படுத்தும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை அளக்கும் சில பரிசோதனை முறைகள் ஏமாந்துபோகின்றன. உருவம் ஒத்த ஸ்டீராய்டைப் புரோஜெஸ்டிரோன் என்று எண்ணிக் கூடுதலாகக் காட்டிவிடுகின்றன. முட்டை எடுக்கும் வாரத்தில் புரோஜெஸ்டிரோன் ஏறியிருப்பதாகச் சீட்டு வந்தால் மருத்துவர் அந்த மாதம் கருவை உள்ளே வைப்பதை நிறுத்தி, எல்லாவற்றையும் உறைய வைக்கச் சொல்வார். பெண்ணுக்கு ஒரு மாதமும் ஒரு தொகையும் போகும். அவர் வீட்டில் தானாக டி.எச்.இ.ஏ. சாப்பிடுகிறார் என்று தெரிந்திருந்தால் அந்தச் சீட்டை வேறு கண்ணோடு படித்திருப்பார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வி அறிக்கைப் படிவத்தில் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டமாக இருக்கும். பலர் அதைக் காலியாக விடுவார்கள், செவிலியரும் விட்டுவிடுவார். நியூயார்க்கிலும் அந்தப் பதில் மருத்துவர்களுக்குக் கிடைப்பதற்குள் பல சுற்றுகள் போயிருந்தன.